கோல் கம்பத்திலிருந்து பெஞ்சுக்கு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உதவிப் பயிற்சியாளர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் நியூ ஜெர்சியில் பள்ளி அணிக்கு நான்கு வருடம் கோல்கீப்பராக நின்றாள். அந்த நான்கு வருடமும் என் சனி, ஞாயிறெல்லாம் ஏதாவது ஒரு மைதானத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலியில்தான் கழிந்தன. ஆட்டம் பார்க்கக் கல்லூரிக் கோச்சுகள் வருவார்கள். வந்தவர்களில் பெரும்பாலானோர் உதவிப் பயிற்சியாளர்கள். நேராகக் கோலுக்குப் பின்னால் போய் நின்றவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஒரு காலத்தில் கோல்கீப்பர்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டதும் பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்து எனக்கு இந்த வேலையின் மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. ஊர் நண்பர்களும் இங்குள்ள பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு கல்லூரி அணிக்கு இத்தனை கோச்சா? இது என்ன ஏற்பாடு?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு தனி உலகம். பெரும்பகுதியை என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு நடத்துகிறது. அதற்குள் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் பணமும் உதவித்தொகையும் அதிகம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. முதல் பிரிவில் மட்டும் பெண்கள் கால்பந்து அணிகள் ஏறத்தாழ 350, ஆண்கள் அணிகள் 200க்குச் சற்று மேல். பெண்கள் அணிகள் எப்படி அதிகம் என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். 1972-இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம், கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரவேண்டும் என்றது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றே அத்தனை ஆண்களைச் சேர்த்துக்கொள்வதால், அதைச் சரிக்கட்டக் கல்லூரிகள் பெண்கள் கால்பந்தைத் தொடங்கின. இந்தக் கட்டுரையில் பெண் பயிற்சியாளர்கள் நிறைய வருவதற்கும் அதுதான் காரணம்.

ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைமைப் பயிற்சியாளர், அவருக்குக் கீழே இரண்டு மூன்று உதவியாளர்கள். அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவர் முன்னாள் கோல்கீப்பராக இருப்பது ஏறக்குறைய எழுதப்படாத விதி.

ஏன் கோல்கீப்பர்? முன்னாள் ஸ்ட்ரைக்கர் வந்தால் ஆகாதா?

ஆகும், வருகிறார்கள். ஆனால் கோல்கீப்பரின் வேலையைச் சொல்லித்தர மற்றவர்களால் முடிவதில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது, பக்கவாட்டில் சரிந்து விழும்போது முழங்கை அடிபடாமல் விழுவது, பக்கவாட்டிலிருந்து கிராஸ் பந்து வரும்போது வெளியே போவதா கோட்டிலேயே நிற்பதா என்று அரை விநாடியில் முடிவெடுப்பது, இதெல்லாம் உடம்பு படித்த பாடம். தலைமைப் பயிற்சியாளர் மிட்ஃபீல்டராக இருந்தவர் என்றால், பயிற்சி தொடங்கியதும் கீப்பர்களை ஒரு ஓரமாக அனுப்பிவிடுவார். அங்கே அவர்களோடு இருக்க ஒருவர் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. தொண்ணூறு நிமிடமும் முழு மைதானமும் தன் கண் முன்னால் இருப்பது கீப்பருக்குத்தான். எதிரணி எப்படி நகர்கிறது, நம் தடுப்பு எங்கே பிளக்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். பார்த்ததைக் கத்திச் சொல்லியும் பழகியவர். கோச் வேலையும் அதுதானே?

நம் ஊரில் தெருவில் ஆடும்போது 'ஆடத் தெரியாதவனைக் கோல்ல நிறுத்து' என்பார்கள். என்னையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து பார்ப்பவர்களுக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும்.

அவருடைய ஒரு வாரம் எப்படிப் போகும்?

சீசன் ஆகஸ்டில் தொடங்கும், கடைசிவரை போகும் அணிக்கு டிசம்பரில் முடியும். அந்த நாலு மாதத்தில் பதினெட்டு, இருபது ஆட்டங்கள். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு. முதல் பிரிவில் மாணவர்களை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் வைக்கக்கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு. மாணவர்களுக்குத்தான் இந்த வரம்பு, கோச்சுகளுக்கு இல்லை.

கீப்பர்களோடு பந்து போடும் நேரம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி நேரம்? எதிரணியின் பழைய ஆட்டங்களை வீடியோவில் வெட்டி ஒட்டி, யார் பெனால்டியை எந்தப் பக்கம் அடிக்கிறார், கார்னரில் யார் முன் கம்பத்துக்கு ஓடுகிறார் என்று பார்க்க வேண்டும். பஸ், ஓட்டல், சாப்பாடு ஏற்பாடு பல கல்லூரிகளில் இவர் தலையில்தான். மாணவர்களின் மதிப்பெண்ணைக் கவனிப்பதும் சில இடங்களில் இவர்தான். அப்புறம், எல்லாவற்றையும் விழுங்கும் ஒரு வேலை இருக்கிறது: ஆள் பிடிப்பது.

ஆள் பிடிப்பது என்றால்?

அடுத்த வருடத்துக்கும் அதற்கடுத்த வருடத்துக்கும் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பது. உதவிப் பயிற்சியாளரின் மின்னஞ்சலில் தினமும் பிள்ளைகளின் வீடியோ இணைப்புகள் வந்து குவியும். ஆனால் அவர் நினைத்த நேரத்தில் பதில் போட முடியாது. பள்ளிப் படிப்பின் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்குப் பிறகுதான் கால்பந்துக் கோச்சுகள் பிள்ளைகளோடு நேரடியாகப் பேசலாம். அந்த நாள் நள்ளிரவில் போன் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். (நாங்களும் காத்திருந்தோம். மறுநாள் மாலைதான் ஒன்று வந்தது.)

கீப்பரைத் தேர்ந்தெடுப்பது மற்ற இடங்களைப் போல இல்லை. மிட்ஃபீல்டர் ஒருவர் எதிர்பார்த்தபடி வராவிட்டால் வேறு இடத்தில் ஆட வைக்கலாம். கீப்பரை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் தலைமைப் பயிற்சியாளர் இந்த ஒரு முடிவில் மட்டும் உதவியாளரின் சொல்லுக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவார்.

இந்த வேலையில் மிகக் கடினமானது எது?

கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில் கிடைத்தது: இரண்டாவது கீப்பரோடு பேசுவது.

கணக்கைப் பாருங்கள். ஓர் அணியில் மூன்று அல்லது நான்கு கீப்பர்கள். ஆடுவது ஒருவர். மற்ற இடங்களில் மாற்று ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரி விதிகள் தாராளம், கொஞ்ச நேரமாவது பலருக்கும் கிடைக்கும். கீப்பர் மாறுவதில்லை. முதல் கீப்பருக்குக் காயம் படாவிட்டால், மோசமான ஃபார்ம் வராவிட்டால், இரண்டாமவர் சீசன் முழுக்கப் பெஞ்சில். மூன்றாமவருக்கு வெளியூர் பஸ்ஸிலேயே இடம் கிடைக்காமல் போகலாம். இவர்கள் யாரும் சாதாரணமானவர்கள் இல்லை. தங்கள் ஊரில், தங்கள் பள்ளியில் இவர்களே நட்சத்திரங்கள்.

ஆனாலும் தினமும் அதே மழையில், அதே சேற்றில், முதல் கீப்பருக்குச் சமமாக விழுந்து எழ வேண்டும். ஏனென்றால் நாளைக்கே கூப்பிட்டால் தயாராக இருக்க வேண்டும். நான்கு பேரையும் ஒரே சின்னச் சதுரத்துக்குள் வைத்துக்கொண்டு, மூன்று பேருக்கு ஏமாற்றம் என்று தெரிந்துகொண்டே, நான்கு பேரையும் ஒருவரையொருவர் ஆதரிக்க வைப்பது உதவிப் பயிற்சியாளரின் பொறுப்பு. தலைமைப் பயிற்சியாளர் அணிப் பட்டியலை அறிவித்துவிட்டுப் போய்விடுவார். அழுகிற பிள்ளையோடு உட்கார்ந்திருப்பவர் இவர்தான்.

இதில் பொய் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். 'உனக்கு வாய்ப்பு வரும்' என்று ஆறுதலுக்குச் சொல்லி, அது வராமல் போனால், அந்தப் பிள்ளை அடுத்த வாரமே வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுத்துவிடும். மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற இணையப் பட்டியல் 2018-இல் வந்தபிறகு மாறுவது எளிது. 2025-26 முதல் பல முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஓர் அணிக்கு 28 பேர்தான் என்று வரம்பும் வந்துவிட்டது. முன்பு ஓர் அணிக்கு முழு உதவித்தொகை எத்தனை என்றுதான் கணக்கு, ஆண்களுக்கு 9.9, பெண்களுக்கு 14. தலைகள் எத்தனை என்பதற்கு வரம்பில்லை. இப்போது தலைக்கணக்கு. நான்காவது கீப்பருக்கு இனி இடம் இருக்குமா என்பதை ஒவ்வொரு கோச்சும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஆடி முடித்த கீப்பர் இந்த வேலைக்குள் எப்படி நுழைகிறார்?

வழக்கமான வழி 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்'. சின்னக் கல்லூரி ஒன்றில் முதுகலை படித்துக்கொண்டே அணிக்கு வேலை செய்வது. படிப்புக் கட்டணம் தள்ளுபடி, கைச்செலவுக்குச் சொற்பத் தொகை. இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் ஒரு பட்டமும் அனுபவமும் கையில் இருக்கும்.

சான்றிதழ்களும் வேண்டும். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்கள் டி-யில் தொடங்கி ஏ வரை ஏறும். 1941-இல் தொடங்கிய பயிற்சியாளர் சங்கம் ஒன்றும் இருக்கிறது, இப்போது 'யுனைடெட் சாக்கர் கோச்சஸ்' என்று பெயர். கோல்கீப்பர் பயிற்சிக்கென்றே தனிப் படிப்பு நடத்துகிறார்கள். ஜனவரி மாதம் அவர்கள் நடத்தும் மாநாடு பெயருக்குத்தான் மாநாடு, உண்மையில் வேலைச் சந்தை. நடைபாதையில் காபியோடு நிற்பவர்களில் பாதிப் பேர் வேலை தேடுபவர்கள், மீதிப் பேர் வேலை கொடுப்பவர்கள்.

சம்பளமே இல்லாமல் வேலை செய்தார்கள் என்கிறார்களே?

உண்மைதான். முதல் பிரிவில் முன்பு கால்பந்து அணிக்குச் சம்பளக் கோச்சுகள் மூன்று பேர், கூடவே 'வாலண்டியர்' என்று ஒருவர். அந்த நாலாவது நாற்காலியில் பல அணிகளில் உட்கார்ந்திருந்தது கோல்கீப்பர் கோச். தினமும் வருவார், எல்லா ஆட்டத்துக்கும் போவார், சம்பளம் கிடையாது. மாலையில் கிளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வாடகை கட்டுவார்.

2023 ஜூலை 1 முதல் அந்த வாலண்டியர் பதவியை என்.சி.ஏ.ஏ. எடுத்துவிட்டது. நாலாவது ஆளுக்கும் சம்பளம் தரலாம் என்றாகிவிட்டது. கவனியுங்கள், 'தரலாம்'. முன்பு சம்பளமில்லாமல் உழைத்த பலர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கல்லூரி விளையாட்டு கோடிக்கணக்கில் சம்பாதிக்கும்போது அதன் கோச் ஒருவர் இலவசமாக உழைப்பதைத் 'தொண்டு' என்று அழைத்தது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டியது.

இப்போது சம்பளம் எப்படி?

கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பெரிய கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்குகளின் அணிகளில் குடும்பம் நடத்தலாம். மூன்றாம் பிரிவில் பல இடங்களில் இது பகுதிநேர வேலைதான். கோடையில் முகாம் நடத்தி வரும் பணம்தான் பலருக்குக் கை கொடுக்கிறது.

நீண்ட காலம் இதையே செய்தவர் யாராவது உண்டா?

ஏமி கிரிஃபின். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையே அவரைப் பற்றித்தான்.

மத்திய ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் கோல்கீப்பராக இருந்தவர். அப்போது பெயர் ஏமி ஆல்மன். 1991-இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பைக்குப் போன அமெரிக்க அணியில் இடம்பெற்றார். அமெரிக்கா இறுதியாட்டத்தில் நார்வேயை 2-1 என்று வென்றது. ஆனால் அந்தத் தொடரில் கோலில் நின்றவர் மேரி ஹார்வி. உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்துகொண்டு, பெஞ்சிலிருந்து பார்த்தவர் ஏமி. இரண்டாவது கீப்பரின் வலியைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை.

1996-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். லெஸ்லி காலிமோர் தலைமைப் பயிற்சியாளர், இவர் அவருக்கு அடுத்த இடம். 'அசோசியேட் ஹெட் கோச்' என்பார்கள், உதவியாளர்களில் மூத்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2019 வரை 24 சீசன்கள் அதே இருவர், அதே வரிசையில். கல்லூரி விளையாட்டில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேலை மாறுவது வாடிக்கை. அதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய காலம் என்று புரியும்.

அவரிடம் படித்தவர்களில் உலகமறிந்த பெயர் ஹோப் சோலோ. உயர்நிலைப் பள்ளியில் கோல் அடிக்கும் இடத்தில் ஆடியவர் சோலோ. 1999-இல் வாஷிங்டனுக்கு வந்து முழுநேரக் கீப்பரானார். பின்னாளில் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் 2015 உலகக் கோப்பையும் வென்றார். முன்களத்தில் ஓடித் திரிந்த ஒருவரை எல்லாரையும்விடப் பின்னால், ஒரு கோட்டுக்குள் நிற்கச் சம்மதிக்க வைப்பதற்கு எவ்வளவு பேச்சு வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

செயற்கைப் புல்லையும் புற்றுநோயையும் சேர்த்துப் பேசிய கோச் இவர்தானா?

ஆமாம். செயற்கைப் புல் மைதானங்களில் புல் இழைகளுக்கு நடுவே பழைய டயர்களை அரைத்த கறுப்புத் துகள்களைத் தூவியிருப்பார்கள். அதில் அதிகம் விழுந்து புரள்வது கோல்கீப்பர்தான். காயத்தில், கண்ணில், வாயில், தலைமுடியில் எல்லாம் அந்தத் துகள். என் மகளின் காலுறையிலிருந்து கொட்டியதைக் கூட்டி அள்ளியே எனக்கு முதுகு வலி வந்தது.

2009-இல் சியாட்டில் பகுதியில் இரண்டு இளம் கீப்பர்களுக்குப் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் கோல்கீப்பர்கள் சிலர் சிகிச்சைக்கு வந்திருப்பதாக ஒரு நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னது கிரிஃபினுக்கு உறுத்தியது. ஒரு பட்டியல் போடத் தொடங்கினார். 2014-இல் என்.பி.சி. தொலைக்காட்சி இதை வெளியிட்டபோது பட்டியலில் 38 கால்பந்து ஆட்டக்காரர்கள், அவர்களில் 34 பேர் கோல்கீப்பர்கள். நாடே அதிர்ந்தது. அப்புறம் வாஷிங்டன் மாநில சுகாதாரத் துறை ஆய்வு செய்தது. கால்பந்து ஆடும் பிள்ளைகளிடையே புற்றுநோய், பொதுவாக அந்த வயதினரிடம் எதிர்பார்க்கப்படும் அளவைவிட அதிகமாக இல்லை என்று 2017 ஜனவரியில் அறிக்கை தந்தது.

இதை வைத்து 'அவர் வீண் பீதி கிளப்பினார்' என்று சொல்பவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தெரிந்த பிள்ளைகளின் பெயரை எழுதிவைத்து, இதைப் பாருங்கள் என்று கேட்டார், அவ்வளவுதான். பட்டியல் என்பது ஆய்வு இல்லை என்பதும் உண்மை. கோலுக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வியே தோன்றியிருக்கும் என்பதும் உண்மை.

கீப்பர்களிடமிருந்து கீப்பர்கள், ஒரு பரம்பரை மாதிரி வருகிறார்களா?

நல்ல கேள்வி. மத்திய ஃபுளோரிடாவையே எடுத்துக்கொள்வோம். 1980-களில் அங்கே கோச்சாக இருந்த ஜிம் ரூடி கோல்கீப்பர் பயிற்சியில் கைதேர்ந்தவர். அவரிடம் ஆடியவர்கள் கிம் வயன்ட் (இவரைப் பற்றிக் கீழே), ஏமி ஆல்மன். பிறகு ரூடி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அங்கே அவருக்குக் கிடைத்த கீப்பர் பிரியானா ஸ்கர்ரி. 1999 ஜூலை 10 அன்று கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 90,185 பேர் முன்னால், உலகக் கோப்பை இறுதியாட்டப் பெனால்டிகளில் சீனாவின் லியூ யிங் அடித்ததைத் தடுத்தாரே, அவர்தான்.

அந்த 1999 அணியின் தலைமைப் பயிற்சியாளர் டோனி டிசிக்கோவும் பழைய கோல்கீப்பர், ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் ஆடியவர். 1991 உலகக் கோப்பையில் அன்றைய தலைமைப் பயிற்சியாளர் அன்சன் டோரன்ஸின் கீழ் கோல்கீப்பர் கோச். அதாவது பெஞ்சில் இருந்த ஏமிக்கு அன்று பயிற்சி கொடுத்தவர். 1994-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்து 1996 ஒலிம்பிக் தங்கம், 1999 உலகக் கோப்பை இரண்டையும் வென்றார். கீப்பர்களுக்கென்றே ஒரு கோடைப் பள்ளியும் நடத்தினார். 2017-இல் காலமானார்.

அப்படியென்றால் தலைமைப் பயிற்சியாளர் ஆவதுதானே வெற்றி?

சிலருக்கு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கீப்பர் புரூஸ் அரினா 1978-இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அதே சம்பளத்தில், வலை கட்டிய கோலால் ஆடும் லக்ராஸ் அணிக்கு உதவிப் பயிற்சியாளர் வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. அன்றைய கால்பந்தின் மதிப்பு அவ்வளவுதான். ஐந்து தேசியப் பட்டங்கள் வென்று, அவற்றில் 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு, பிறகு அமெரிக்க தேசிய அணிக்கே கோச் ஆனார். நாட்டுக்காக அவர் கீப்பராக ஆடியது ஒரே ஒரு ஆட்டம், 1973-இல் இஸ்ரேலுக்கு எதிராக.

ஆனால் இந்த ஒரு கதையை வைத்து மற்றவர்களை அளக்கக்கூடாது. தலைமைப் பயிற்சியாளர் ஆனவுடன் நிதி திரட்டுவது, பத்திரிகையாளர்களைச் சந்திப்பது, நிர்வாகத்துக்குப் பதில் சொல்வது என்று பந்தைவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்கள். கையுறை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்பதுதான் பிடிக்கும் என்பவர்கள் இரண்டாவது நாற்காலியில் விரும்பியே உட்கார்கிறார்கள். 'ஏன் இன்னும் அசிஸ்டன்டாகவே இருக்கிறீர்கள்?' என்று நம் ஆட்கள் அவர்களிடம் கேட்டு நான் சங்கடப்பட்டதுண்டு. இருபது வருடம் ஆசிரியராக இருந்தவரிடம் ஏன் தலைமையாசிரியர் ஆகவில்லை என்று கேட்பது மாதிரிதான் அது.

பெண் கீப்பர்கள் ஆண்கள் அணிக்குப் பயிற்சி தருகிறார்களா?

கிம் வயன்ட் தந்தார். 1985-இல் இத்தாலியில் உள்ள யெசோலோவில் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியபோது கோலில் நின்றவர் அவர். நியூயார்க் பல்கலைக்கழக ஆண்கள் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்து, 2015-இல் தலைமைப் பயிற்சியாளர் போய்விட்டதால் இடைக்காலப் பொறுப்பேற்றார், பிறகு அதுவே நிலையானது. பல வருடம், என்.சி.ஏ.ஏ. ஆண்கள் கால்பந்தில் அவர் ஒருவர்தான் பெண் தலைமைப் பயிற்சியாளர். 2022-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்துக்கு ஜூலியான் சிட்ச் தலைமைப் பயிற்சியாளராக வந்த பிறகு இருவரின் அணிகளும் மோதின. இரண்டு பக்கமும் பெண் தலைமைப் பயிற்சியாளர்கள் இருந்த முதல் என்.சி.ஏ.ஏ. ஆண்கள் ஆட்டம் அது. சிகாகோ அந்த வருடம் மூன்றாம் பிரிவுப் பட்டத்தையே வென்றது.

கீப்பராக ஆடாதவர் கீப்பர் கோச் ஆக முடியுமா?

முடியும். ஆனால் முதல் வாரம் பிள்ளைகள் அவரைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்து கீப்பர் சொல்லித்தருவது இந்தக் காலத்துக்குச் சரிப்படுமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 1992-இல் விதி மாறியது: தன் அணிக்காரர் காலால் வேண்டுமென்றே பின்னால் தட்டிக்கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது. அன்றிலிருந்து கீப்பருக்குக் காலும் வேண்டும். 2019-இல் இன்னொரு மாற்றம்: கோல் கிக் பந்து பெனால்டி பாக்ஸைத் தாண்ட வேண்டியதில்லை, உள்ளேயே சக ஆட்டக்காரருக்குத் தட்டலாம். அதன்பின் பல அணிகளும் கீப்பரிலிருந்தே ஆட்டத்தைக் கட்டத் தொடங்கிவிட்டன. 2025-26 உலக விதிகளில், பந்தை 8 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிடித்து, எட்டி உதைத்துப் பழகியவர்கள் இதையெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. நல்ல கோச்சுகள் வெட்கப்படாமல் மிட்ஃபீல்டர்களோடு சேர்ந்து பாஸ் பழகியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று மாறவே இல்லை: கோல் இன்றும் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம்.

ஒரு பெரிய தவறு செய்த கீப்பரை எப்படித் தேற்றுவது?

மேட் டர்னர் கதையைச் சொல்வேன். நியூ ஜெர்சிப் பையன், ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகக் கீப்பர். 2013-இல் ஐயோனா கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தில் கம்பத்தில் பட்டு உயரே எழும்பிய பந்தைப் பிடிக்கப் போய், தானே தன் கோலுக்குள் விட்டுவிட்டார். அந்த வீடியோ நாடு முழுக்கச் சிரிக்கப்பட்டது. படிப்பு முடிந்தபோது எந்தத் தொழில்முறை அணியும் அவரைத் தேர்வுப் பட்டியலில் எடுக்கவில்லை. 2021-இல் எம்.எல்.எஸ். என்ற தொழில்முறை லீகின் சிறந்த கீப்பர். 2022-இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப், அதே வருடம் கத்தார் உலகக் கோப்பையில் அமெரிக்காவின் கோலில் அவர்.

என் மகளிடம் இதைச் சொன்னபோது, 'அப்பா, நான் டர்னர் இல்லை' என்றாள். அதுவும் சரிதான். அவளுடைய கோச் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அதே மாதிரி உயரமான பந்தை முப்பது தடவை போட்டார்.

ஏமி கிரிஃபின் வாஷிங்டனை விட்ட பிறகு?

அங்கே இருந்தபோதே அவர் அமெரிக்கக் காது கேளாத பெண்கள் தேசிய அணியின் பொறுப்பையும் எடுத்துக்கொண்டிருந்தார். 2023-இல் மலேசியாவில் நடந்த காது கேளாதோர் உலகக் கோப்பையை அந்த அணி வென்றது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கீப்பருக்கு முதல் பாடமே கத்துவதுதான். 'என் பந்து!', 'விடு!', 'பின்னால ஆள்!' என்று குரல் கொடுக்காத கீப்பரை எந்த கோச்சும் விடமாட்டார். இந்த அணியிலோ ஆட்டத்தின்போது காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட வேண்டும், அது விதி. கீப்பர் எவ்வளவு கத்தினாலும் முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரருக்குக் கேட்காது. ஆகவே அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்ப்பது, கண்ணால் பேசுவது, கையால் காட்டுவது, பந்து வருவதற்கு முன்பே யார் எங்கே என்று ஒத்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் வேறு வழியில் கட்ட வேண்டும். வாழ்நாள் முழுக்கக் 'குரல் கொடு' என்று சொல்லிவந்த ஒருவர் அதை விட்டுவிட்டுத் தொடங்க வேண்டியிருந்தது.

ஆட்டத்துக்குப் போனால் இவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். மற்றவர்கள் வருவதற்கு முன்பே இரண்டு மூன்று கீப்பர்களோடு ஒருவர் பந்துப் பையைச் சுமந்துகொண்டு வருவார். மெதுவாக உருட்டுவதில் தொடங்கி, பிறகு பக்கவாட்டில், பிறகு உயரத்தில், கடைசியில் பலமாக என்று பந்து போடுவார். கடைசிப் பந்து மட்டும் வேண்டுமென்றே எளிதாக இருக்கும், கீப்பர் சுத்தமாகப் பிடித்துவிட்டு நம்பிக்கையோடு உள்ளே போகட்டும் என்று.

ஆட்டம் தொடங்கியதும் பெஞ்சில் காணாமல் போய்விடுவார். கல்லூரி ஆட்டத்தில் கடிகாரம் 45-இலிருந்து கீழ்நோக்கி ஓடும், அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் பெஞ்சில் ஒருவர் மட்டும் எழுந்து கோட்டருகே வருவார், முன் கம்பத்தில் யார், பின் கம்பத்தில் யார் என்று விரலால் எண்ணுவார். பந்து வெளியே போனதும் உட்கார்ந்துவிடுவார். அடுத்த கார்னருக்கு மறுபடி எழுவார்.